நாரை மிதித்த வயலும் வேடந்தாங்கல் மடையும்

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று, வந்தவாசி பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர் எழுதியது. ஒன்றரை ஏக்கரில் நவரை நட்டிருக்கிறார். “நட்ட மூன்றாம் நாளே நாரையும் கொக்கும் கூட்டமாக இறங்கி, நாற்றை மிதித்துச் சேற்றில் அழுத்திவிட்டன. பட்டாசு போட்டால் எழும்பிப் போய், திரும்பவும் வந்து இறங்குகின்றன. வரப்பில் வைக்க ஏதாவது மருந்து இருந்தால் சொல்லுங்கள்” என்று முடித்திருந்தார்.

மருந்து என்று அவர் எதைக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்றே பேசினேன். விஷம் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்றும், அந்த விஷம் பறவையோடு நிற்காது என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சரிங்க சார். அப்போ என் நாத்துக்கு யார் பதில் சொல்றது?”

நியாயமான கேள்விதான். சட்டத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டால் அது பதில் ஆகாது. நாரைகளோடு தலைமுறை தலைமுறையாக வாழ்கிற விவசாயிகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று முடிவு செய்தேன். தை மாதக் கடைசியில் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனேன். காரில் போய் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒன்றும் விளங்காது என்பதால், முடிந்த இடமெல்லாம் நடந்தேன். பாலாற்றுப் படுகை, வேடந்தாங்கல் ஏரி, அதன் ஆயக்கட்டு, அங்கிருந்து கரிக்கிலி வரை வழியிலுள்ள புதர்க்காடு. நடந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

மாமண்டூரில் இறங்கி ஆற்றுக்குள்

செங்கல்பட்டிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை, மாமண்டூரை ஒட்டிப் பாலாற்றைக் கடக்கிறது. பாலத்தின் மேல் பேருந்தில் போகிறவர்களுக்குக் கீழே மணலும் முள்ளும்தான் தெரியும். இறங்கி நடந்தால் வேறு. கரையை ஒட்டி அருகும் கோரையும் மண்டிய மேய்ச்சல் தரை. அதற்குள்ளே நாணல் புதர்கள். மழைக்காலத்துத் தண்ணீர் இன்னும் சில குட்டைகளில் நின்றது. ஒவ்வொரு குட்டையிலும் இரண்டு மூன்று மடையான்கள், பழுப்பு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன. நான் கிட்டப் போனதும் ஆள்காட்டி ஒன்று எழும்பிக் கத்தி, அத்தனை பேருக்கும் தகவல் சொல்லிவிட்டது.

பாலாறு கர்நாடகத்தில் நந்திமலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரம் வழியாக வந்து, நம் வட மாவட்டங்களைக் கடந்து கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது. மேலே தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு. ஆனால் மணலுக்கு அடியில் ஓட்டம் உண்டு. அந்த ஓட்டத்தை நம்பி, ஆற்று மணலில் ஊற்று வரும் ஆழத்துக்குக் கால்வாய் வெட்டி, அதைச் சரிவாகக் கொண்டுபோய் வயலிலும் ஏரியிலும் சேர்த்தார்கள். ஊற்றுக்கால் என்று பெயர். எஞ்சின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். வருடா வருடம் ஊர் கூடித் தூர் எடுத்தால் போதும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆதாரம் மணல். மணல் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். மணலை அள்ளிவிட்டால் ஊற்று மட்டம் கால்வாயின் வாய்க்குக் கீழே போய்விடும். அப்புறம் கால்வாய் இருக்கும், தண்ணீர் வராது. நாணலையும் கோரையையும் ‘களை’ என்று கொளுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளம் வரும்போது கரை மண்ணைப் பிடித்து நிறுத்துவது அவற்றின் வேர்தான். நான் போன இடத்தில் நாணல் நின்ற பக்கம் கரை சரிவாக, புல் மூடி இருந்தது. நாணல் இல்லாத பக்கம் ஆளுயரத்துக்கு அரித்து, மேலே நின்ற பனையின் வேர் வெளியே தொங்கியது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர் பேச்சுக் கொடுத்தார். “தண்ணி எங்க நிக்குதுன்னு தேட வேணாம் சார். கொக்கு எங்க உக்காருதோ, ஆட்ட அங்க ஓட்டிட்டுப் போவேன்” என்றார். எனக்கு அங்கேயே பாதி பாடம் ஆகிவிட்டது. கொக்குக்கும் நாரைக்கும் வேண்டியது ஆழமில்லாத தண்ணீரும் அதில் உள்ள இரையும். நம் வயலில் அது இருந்தால் வருகின்றன. இல்லாவிட்டால் இருக்கும் இடத்துக்குப் போகின்றன.

ஏரிக்கரையில் ஒரு சாயங்காலம்

பேருந்து படாளம் கூட்டுரோட்டில் திரும்பி மேற்கே போகிறது. இரண்டு பக்கமும் கழனிகள். சில இடத்தில் சம்பா அறுவடை முடிந்து தாள் நின்றது. சில இடத்தில் நவரை நடவு நடந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு வேடந்தாங்கல் போய்ச் சேர்ந்தேன்.

வேடன் தாங்கல் என்பதே வேடந்தாங்கல் ஆனது என்பார்கள். தாங்கல் என்றால் இந்தப் பக்கத்தில் சிற்றேரி. உண்மையிலேயே சிறியதுதான். சுமார் 30 ஹெக்டேர், அதாவது 75 ஏக்கர். உங்கள் ஊர் ஏரி இதைவிடப் பெரியதாக இருக்கலாம். இதன் சிறப்பு அளவில் இல்லை, தண்ணீருக்குள் நிற்கிற மரங்களில் இருக்கிறது. நீர்க்கடம்பும் கருவேலமும் ஏரிக்குள்ளேயே தோப்பாக நிற்கின்றன. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனை, நரி போன்றவை எளிதில் நெருங்க முடியாது. அதனால் பறவைகள் பயமில்லாமல் கூடு கட்டுகின்றன.

கரைமேல் நடைபாதை இருக்கிறது. நிழல் மரங்கள், ஒரு பார்வைக் கோபுரம். மெதுவாக நடந்தேன். மஞ்சள் மூக்கு நாரைகள் ஒரு மரம் முழுக்க. குஞ்சுகளின் சத்தம் கரை வரைக்கும் கேட்டது. அடுத்த மரத்தில் அலகுக்கு நடுவே இடைவெளி உள்ள நத்தை குத்தி நாரைகள். பக்கத்தில் வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன். தாழ்ந்த கிளைகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கூழைக்கடா ஒன்று தண்ணீரில் இறங்கியபோது படகு வந்து கரை சேர்ந்தது போல இருந்தது. மரமில்லாத திறந்த நீரில் வடக்கே குளிர் நாடுகளிலிருந்து வரும் வாத்துகள் மிதந்தன.

ஐந்து மணிக்கு மேல் பார்க்க வேண்டும். நாலா திசையிலிருந்தும் வரிசை வரிசையாகப் பறவைகள் திரும்புகின்றன. ஒவ்வொன்றும் பகலெல்லாம் சுற்று வட்டாரத்து ஏரி, குட்டை, வயல் என்று அலைந்து, மீனும் நத்தையும் தவளையும் பூச்சியும் தின்றுவிட்டு வருகிறது. குஞ்சுக்கும் கொண்டு வருகிறது. தின்றதன் எச்சம் ராத்திரி முழுக்க மரத்தின் மேலிருந்து தண்ணீரில் விழுகிறது. மழையோடு பறவை வரும் ஐப்பசி, கார்த்திகை தொடங்கி, பங்குனி, சித்திரையில் ஏரி வற்றும் வரை இது நடக்கிறது.

இதை எருவுக் கணக்காகப் பாருங்கள். பறவை எச்சத்தில் தழைச்சத்து யூரிக் அமிலமாக இருக்கிறது. நீரிலும் மண்ணிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து, பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவுக்கு மாற்றுகின்றன. மீன் தின்னும் பறவையின் எச்சத்தில் மணிச்சத்தும் நன்றாக இருக்கும். பல ஊர் நீர்நிலைகளில் சிதறிக் கிடக்கும் சத்தை, ஆள்கூலி இல்லாமல், வண்டி வாடகை இல்லாமல், ஒரே ஏரியில் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை இந்தப் பறவைகள் செய்கின்றன. மடை திறந்தால் அந்தத் தண்ணீர் நேராக வயலுக்குப் போகிறது.

விவசாயிகள் வாங்கிய கவுல்

இந்தக் கணக்கை யாரும் இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரிட்டிஷ் சிப்பாய்கள் வந்து இங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊர் விவசாயிகள் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீரால்தான் எங்கள் விளைச்சல் என்பது அவர்கள் வாதம். 1798-ல் பறவைகளைப் பாதுகாக்க உரிமை அளிக்கும் கவுல் அவர்களுக்குக் கிடைத்தது. 1858-ல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-ல் அரசு இதைச் சரணாலயமாக ஏற்றது. 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

பட்டியலும் அறிவிப்பும் பின்னால் வந்தவை. முதலில் வந்தது உழவர்களின் மனு. நாட்டிலேயே மிகப் பழைய பறவைப் பாதுகாப்பிடங்களில் ஒன்றை உருவாக்கியவர்கள், உரத்தைப் பற்றிக் கவலைப்பட்ட விவசாயிகள்.

அதே பிளேஸ் துரையின் பெயர் பக்கத்திலுள்ள மதுராந்தகத்திலும் வழங்குகிறது. பெருமழையில் மதுராந்தகம் ஏரி உடையும் நிலை வந்தபோது, ராமரும் லட்சுமணரும் வில்லோடு நின்று கரையைக் காத்ததை அவர் கண்டார் என்பது அந்த ஊர்க் கதை. ஏரி காத்த ராமர் கோயில் என்றுதான் அதற்குப் பெயர். ஏரி உடையக் கூடாது என்று சாமியை நிற்க வைத்தார்கள், எரு போகக் கூடாது என்று கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள். இரண்டுமே ஏரியை நம்பிப் பிழைத்தவர்கள் செய்த வேலை.

அன்று இரவு மதுராந்தகத்தில் தங்கினேன்.

மடைக்குக் கீழே

சுற்றுலா வருகிறவர்கள் கரையோடு திரும்பிவிடுகிறார்கள். நம்மவர்கள் போனால் கரையின் மறுபக்கம் இறங்க வேண்டும். மறுநாள் காலையில் முதல் பேருந்தில் திரும்பவும் வேடந்தாங்கல் வந்து, கால்வாயைப் பிடித்துக்கொண்டே கழனிக்குள் நடந்தேன். ஓரிடத்தில் நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்ற அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா, நிலத்துக்குச் சொந்தக்காரர். வேளாண்மைத் துறை என்றதும் “ஒக்காருங்க சார்” என்று வரப்பைக் காட்டினார். வந்தவாசிக்காரர் கேள்வியை அப்படியே அவரிடம் வைத்தேன்.

“மிதிக்காமலா இருக்கும் சார்? மிதிக்கத்தான் செய்யும். நட்டு வேர் புடிக்கிற வரைக்கும்தான் அந்தத் தொல்லை. எட்டு நாளு, பத்து நாளு. அதுக்கப்புறம் பயிரு ஏந்திடும், மிதிச்சாலும் சாயாது.”

“அந்தப் பத்து நாள் என்ன செய்வீர்கள்?”

“தண்ணிய கட்டி வெக்க மாட்டோம். சேறு மூடுற அளவு போதும். தண்ணி நிறைய நின்னாத்தான் மீனு, நண்டுன்னு அதுங்க எறங்கும். காலைலயும் சாயங்காலமும் யாராவது ஒரு ஆளு வரப்புல நடந்துட்டு வருவோம். அப்புறம் அதோ பாருங்க” என்று வயலின் மூலையைக் காட்டினார். நாலைந்து முடி நாற்று அங்கே நெருக்கமாகக் குத்தி வைக்கப்பட்டிருந்தது. “எங்க போயிருக்கோ, அங்க அதுல எடுத்து நட்டுடுவோம். ஒரு ஆளு, அரை நாளு வேல.”

நாங்கள் பரிந்துரைப் புத்தகத்தில் எழுதுவதும் இதுவேதான். நட்ட முதல் ஒரு வாரம் 2 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம், பயிர் வேர் பிடித்தபின் 5 சென்டிமீட்டர் கட்டலாம், பழுது விழுந்த இடத்தை ஏழு முதல் பத்து நாளுக்குள் நிரப்ப வேண்டும் என்பது பரிந்துரை. பறவைக்காக எழுதியதல்ல, பயிருக்காக எழுதியது. இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது.

உரத்தைப் பற்றியும் கேட்டேன். “மடைக்கிட்ட இருக்கிற கழனிக்கு யூரியா கம்மியாத்தான் போடுவோம். மத்தவங்க மாதிரி போட்டா கதிர் வந்ததும் பயிரு சாஞ்சிடும்” என்றார். கடைசியாக, நான் கேட்காமலே ஒன்று சொன்னார். “அதுங்க வரலன்னா நாங்க சந்தோஷப்பட முடியாது சார். ஏரியில தண்ணி இல்லன்னு அர்த்தம். தண்ணி இல்லாத வருஷம் நாரையும் கிடையாது, நடவும் கிடையாது.”

அந்த வரப்பில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என் பழைய தவறு ஒன்று ஞாபகம் வந்தது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் வந்தவாசிக்காரருக்கு நான் சொல்லும் புத்திமதிக்கு மதிப்பில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறொரு மாவட்டம். தண்டு துளைப்பான் தாக்கிய வயலுக்கு போரேட் குருணை பரிந்துரைத்தேன். அப்போது எல்லோரும் பரிந்துரைத்த மருந்துதான். தண்ணீர் எவ்வளவு நிற்க வேண்டும், எத்தனை நாள் வயலுக்குள் யாரும் இறங்கக் கூடாது என்று சொன்னேன். பறவை இறங்கும் என்பது என் நினைவில் இல்லை. மூன்றாம் நாள் காலை அந்த விவசாயி ஒரு சாக்கோடு அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே செத்த கொக்குகளும் மடையான்களும் ஏழு. “பூச்சி செத்துச்சான்னு தெரியல சார். இதுங்க செத்துப்போச்சு” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. முதல் நாள் சாயங்காலம் விழுந்து கிடந்த இரண்டை ஊரில் யாரோ குழம்பு வைக்க எடுத்துப் போயிருக்கிறார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினோம். நல்ல வேளையாக, இறகு பிடுங்கி வைத்திருந்தார்கள், அடுப்பில் ஏற்றவில்லை. அந்த வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள்.

போரேட் மருந்துக்கு 2020 இறுதியோடு நம் நாட்டில் தடை வந்துவிட்டது. தடை வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே அந்தச் சாக்கு எனக்குச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நான் குருணை மருந்தைப் பரிந்துரைக்கும்போதெல்லாம் அந்த அடுப்படி கண்முன் வரும்.

கரிக்கிலிக்குப் போகும் வழியில்

வேடந்தாங்கலிலிருந்து கரிக்கிலி சுமார் 10 கிலோமீட்டர். நடந்தே போனேன். பாதி தூரம் கழனி, மீதி மேட்டு நிலம். சிவந்த சரளை மண்ணில் புதர்க்காடு. களா, காரை, சூரை, விராலி, ஆவாரை. ஆங்காங்கே வேம்பும் புங்கனும். இதைப் பார்க்கிறவர்கள் ‘சும்மா கிடக்கிற காடு’ என்பார்கள். இந்தக் காடு சும்மா கிடக்கவில்லை.

மழைத்துளி இந்தப் புதரின் இலையில் விழுந்து, சருகில் விழுந்து, அப்புறம்தான் மண்ணுக்கு வருகிறது. வேகம் தணிந்து வருவதால் மண்ணை அரிக்காது. வரத்துக் கால்வாயில் தெளிந்த தண்ணீர் வரும், ஏரி சீக்கிரம் தூர்ந்து போகாது. புதரை வழித்துவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து ஏரிக்குள் போகும். நாம் ஏரியில் தூர் எடுக்கச் செலவழிக்கிற பணத்தில் ஒரு பங்கு, மேட்டில் புதரை அழித்ததற்கான அபராதம்.

நம் பாட்டன்மார் இந்தக் காட்டிலிருந்துதான் ஆவாரை, எருக்கு, நொச்சி, புங்கந்தழை என்று தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேற்றில் மிதித்தார்கள். இன்றைக்கும் வரப்பு மூலையில் இரண்டு புங்கன், வேலியில் நொச்சி இருந்தால் அந்தத் தழையில் கொஞ்சம் நம் கைக்கெட்டும். காட்டில் சூரைப்பழமும் களாப்பழமும் தின்னும் மைனாவும் கொண்டைக்குருவியும் வயலில் வந்து புழுவும் பிடிக்கின்றன. நான் போன வழியில் மின்கம்பியில் வரிசையாக இரட்டைவால் குருவிகள். ஒவ்வொன்றாகப் பறந்து இறங்கி, பூச்சியோடு திரும்பி உட்கார்ந்தன. மின்கம்பி இல்லாத வயலில் அந்த உட்காரும் இடத்தை நாம்தான் தர வேண்டும். ஏக்கருக்கு 15 முதல் 20 இடங்களில் ‘டி’ வடிவக் குச்சி நட்டால் போதும். கதிர் முற்றும்போது எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகளும் அதில் உட்காரும்.

வழியில் எனக்குக் கவலை தந்தது சீமைக்கருவேல். மேட்டுப் புதருக்குள்ளும் கால்வாய் ஓரத்திலும் நுழைந்திருக்கிறது. அது மண்டிய இடத்தில் அடியில் புல் இல்லை, புதர் இல்லை, மாடு மேய இடமில்லை. அதை எடுக்கும்போது வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தை வெறுமையாக விடாமல் உள்ளூர் மரமும் புல்லும் வைக்க வேண்டும். வெறுமையாக விட்டால் மறு மழைக்கு அதுவே திரும்ப முளைத்துவிடும்.

உச்சி வெயிலுக்குக் கரிக்கிலி வந்து சேர்ந்தேன். வேடந்தாங்கலைவிடப் பரப்பில் இரண்டு மடங்கு, 61 ஹெக்டேர். 1989-ல் சரணாலயம் ஆனது. இதுவும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் கூட்டம் இல்லை. நான் இருந்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு ஆள் வரவில்லை. கரை மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தேன். வேடந்தாங்கல் பக்கமிருந்து நாரைகள் தலைக்கு மேல் வந்துகொண்டிருந்தன. நான் காலையெல்லாம் நடந்த தூரத்தை அவை கொஞ்ச நேரத்தில் கடந்துவிடும். அவற்றுக்கு ஆறு, ஏரி, காடு, வயல் எல்லாம் ஒரே நிலம். பட்டா, புறம்போக்கு, சரணாலயம் என்று கோடு போட்டுப் பிரித்தது நாம்.

வந்தவாசி வாசகருக்குப் பதில்

ஐயா, உங்கள் நாற்றுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டீர்கள். வேடந்தாங்கல் அம்மா சொன்னதையும் என் துறை அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

நட்ட முதல் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தண்ணீரை மெல்லிசாக வையுங்கள். நிலத்தை நன்றாகச் சமன் செய்தால்தான் இது முடியும். பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கினால் பறவை அங்கேதான் இறங்கும். உங்கள் வயலில் மிதிபட்ட இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அது பள்ளமாகவே இருக்கும். 14 நாள் இளநாற்று நடுகிறவர்களுக்குப் பாதிப்பு கூடுதல், அவர்கள் முதல் வாரம் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் வரப்பில் ஒரு நடை போய் வாருங்கள். கயிற்றில் ஒளிநாடா கட்டலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இடம் மாற்றிக் கட்டாவிட்டால் பறவை பழகிவிடும். ஒவ்வொரு நடவிலும் மூலையில் சில முடி நாற்றை மிச்சம் வையுங்கள்.

பயிர் ஏந்திய பிறகு அதே கொக்கை வரவேற்கலாம். வெட்டுக்கிளியும் புழுவும் அது தின்னும். உங்கள் பாசன ஏரியில் பறவை தங்கினால் யூரியாவைக் கண்மூடி மூட்டைக் கணக்கில் போடாதீர்கள். மண் பரிசோதனை செய்யுங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே நிறம் வெளுத்தால் மட்டும் மேலுரம் இடுங்கள். தேவைக்கு மேல் தழைச்சத்து போனால் பயிர் சாயும், குலைநோயும் புகையானும் கூடவே வரும்.

பத்து நாள் நஷ்டம் உங்கள் வயலில் நடக்கிறது, அதனால் கண்ணுக்குத் தெரிகிறது. லாபம் ஏரியிலும் ஆற்றுப் படுகையிலும் மேட்டுப் புதரிலும் நடந்து, மடை வழியாக மெல்ல வருகிறது, அதனால் தெரிவதில்லை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத வேண்டுமானால், வரப்பைத் தாண்டி ஒரு தரம் நடந்து பார்க்க வேண்டும்.

நடக்கப் போகிறவர்களுக்கு

வேடந்தாங்கலுக்கு மார்கழி முதல் மாசி வரை நல்ல நேரம். போவதற்கு முன் அந்த வருடம் ஏரி நிரம்பியதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் பேருந்து உண்டு. மாலை நேரத்தைத் தவறவிடாதீர்கள். வேறு மாவட்டத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. திருநெல்வேலிக்குக் கூந்தன்குளம், ஈரோட்டுக்கு வெள்ளோடு, அரியலூருக்குக் கரைவெட்டி, திருவாரூருக்கு வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் இருக்கின்றன. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கேயும் போய்ப் பாருங்கள்.

முரட்டுச் செருப்பு, தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, ஒரு சிறு நோட்டு போதும். பளிச்சென்ற நிறச் சட்டை வேண்டாம். பறவை இருக்கும் இடத்தில் சத்தம் போடாதீர்கள். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். புதர் வழியில் பாம்பு இருக்கும், கம்பு ஊன்றி நடங்கள். காப்புக்காட்டுக்குள் நுழைவதானால் வனத்துறை அனுமதி பெறுங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

எங்கேயும் போக முடியாதவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொந்த ஊர் ஏரியைச் சுற்றி வாருங்கள். கரையில் தொடங்காமல் வரத்துக் கால்வாயில் தொடங்குங்கள். தண்ணீர் எந்த மேட்டிலிருந்து வருகிறது, வழியில் யார் அடைத்திருக்கிறார்கள், ஏரிக்குள் மரம் எத்தனை நிற்கிறது, எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது, எந்த மடை ஒழுகுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். எழுதியதை எங்களுக்கும் அனுப்புங்கள்.

வந்தவாசி வாசகரிடம் நேற்று மறுபடியும் பேசினேன். நாற்று வாங்கி வந்து பழுதை நிரப்பிவிட்டாராம். பயிர் ஏந்திவிட்டதாம். நாரை இன்னும் வருகிறதா என்று கேட்டேன். “வருது சார். இப்போ விரட்டறதில்ல” என்றார். அவருடைய ஏரியில் நீர்க்கடம்பு இல்லையாம், நட்டால் வருமா என்று கேட்டார். வரும். தண்ணீரில் நின்றே வளர்கிற மரம் அது. ஏரி வற்றும் சமயத்தில் நட்டு, மழைத் தண்ணீர் ஏறுவதற்குள் வேர் பிடிக்கும்படி ஊற்றிக் காப்பாற்ற வேண்டும். ஏரிக்குள் நடுவதற்கு முன் ஊராட்சியிலும் நீர்வளத் துறையிலும் ஒரு மனு கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வேடந்தாங்கல்காரர்களும் மனு கொடுத்துத்தான் தொடங்கினார்கள்.